மீட்டர் கேஜ் மென்பொருளும் அகலப்பாதைக் கணினியும்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் ரயில் வந்தது. மீட்டர் கேஜ் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நின்று நின்று போன அந்த ரயில் 2010 டிசம்பர் கடைசியோடு நிறுத்தப்பட்டது. காரணம் நல்ல காரணம்தான். நாடு முழுக்க 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கு மாறிக்கொண்டிருந்தது. இந்தப் பாதையும் மாற வேண்டும். ஆனால் பழைய தண்டவாளத்தைப் பிரித்த பிறகு தேனிக்குப் புது ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. கடைசி ரயிலுக்குக் கையசைத்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, அடுத்த ரயில் வருவதற்குள் கல்லூரியையே முடித்திருக்கும்!

அகலப்பாதை வேண்டாம் என்று யாரும் சண்டை போடவில்லை. பழையதை நிறுத்துகிற நாளுக்கும் புதியது ஓடத் தொடங்குகிற நாளுக்கும் நடுவில் ஜனங்கள் எதில் போவார்கள் என்பதுதான் கேள்வி. தேனிக்காரர்கள் பஸ்ஸில் போனார்கள். சரி, கம்ப்யூட்டரில் பாதை மாறும்போது?

அங்கேயும் இதே கதைதான் நடக்கிறது. புது இயங்குதளம் வருகிறது. பழைய மென்பொருள் ஓட மறுக்கிறது. "அதெல்லாம் பழசு, தூக்கிப் போடுங்க" என்கிறார்கள். தூக்கிப் போட வேண்டியது எது, போடக் கூடாதது எது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஒரு கமிஷன் கடை

சின்னமனூரிலோ கம்பத்திலோ ஒரு கமிஷன் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திராட்சை, வாழை, தேங்காய் வந்து போகிற கடை. 1998 வாக்கில் ஊர்ப் பையன் ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. கணக்குப்பிள்ளை கீபோர்டைப் பார்க்காமலேயே விவசாயி பெயர், பெட்டி எண்ணிக்கை, எடை, விலை, கமிஷன், கூலி என்று தட்டிக்கொண்டே போவார். டாட் மேட்ரிக்ஸ் ப்ரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டே கார்பன் நகலோடு சீட்டு அடித்துத் தரும். எழுதிக் கொடுத்த பையன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். நிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதுசு வாங்கினார்கள். விண்டோஸ் 11. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துப் புதியதில் போட்டார்கள். சொடுக்கினார்கள். இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு நீலப் பெட்டி வந்து நின்றது. அவ்வளவுதான்.

இந்தக் கடை கற்பனைதான். ஆனால் கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற யாரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். அவர்களுக்கு இது கற்பனை இல்லை.

ஏன் ஓடவில்லை?

கம்ப்யூட்டருக்குப் பவர் போதவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. புதிய ப்ராசசர் அந்தப் பழைய நிரலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமானது. பிரச்சினை வேகத்தில் இல்லை, பாதையின் அகலத்தில் இருக்கிறது.

டாஸ் நிரல்களின் வேர் இன்டெல் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 8086 என்ற 16 பிட் சிப்பில் இருக்கிறது. 1985-இல் வந்த 32 பிட் 80386 சிப்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். உள்ளுக்குள்ளேயே ஒரு 8086 இருப்பது போல நடிக்கும் வசதியை வைத்தார்கள். 32 பிட் விண்டோஸ் அந்த வசதியைப் பிடித்துக்கொண்டுதான் டாஸ் நிரல்களை ஓட்டியது. பிறகு 2003-இல் ஏஎம்டி நிறுவனத்தின் 64 பிட் சிப் சந்தைக்கு வந்தது. அதன் வழியையே இன்டெலும் பின்பற்றியது. அந்தச் சிப் 64 பிட் நிலையில் ஓடும்போது இந்த நடிப்பு வசதி கிடையாது. ஆகவே 64 பிட் விண்டோஸில் மைக்ரோசாஃப்டும் டாஸுக்கான பகுதியை வைக்கவில்லை.

விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று தனியாகக் கிடைத்தது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் போட்டுச் சமாளித்தார்கள். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் கடைசித் துண்டையும் பிரித்தாகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சில மென்பொருள்கள் 32 பிட்தான், புதிய விண்டோஸில் நன்றாகவே ஓடும். ஆனால் அவற்றை நிறுவித் தரும் செட்டப் நிரல் மட்டும் 16 பிட்! வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது, வாசல் பூட்டுதான் திறக்கவில்லை என்பது போல. இப்படிப்பட்டதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் நிறுவி, ஃபோல்டரை நகலெடுத்து வந்தால் பல சமயம் ஓடிவிடும். இது தெரியாமல் தூக்கி எறியப்பட்ட சிடிக்கள் எத்தனையோ.

"புதுசு வாங்க வேண்டியதுதானே?"

நகரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான், அரைகுறையான நியாயம்.

புதுசு வாங்கலாம். வாங்கத்தான் வேண்டும். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்களே மாற்றியமைக்கப்பட்டன. 1998-இல் எழுதிய நிரல் இதையெல்லாம் தாங்காது. இனிமேல் போடுகிற கணக்கைப் புதிய மென்பொருளில் போடுவதுதான் சரி. கம்பெனிகள் என்றால் பேச்சே இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற தடத்தைச் சேமித்து வைக்கும் கணக்கு மென்பொருளைத்தான் அவை பயன்படுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஆனால் இதுவரை போட்ட கணக்கு? யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், எந்தத் தோட்டத்திலிருந்து எந்த வருடம் எத்தனை பெட்டி வந்தது, எந்த வியாபாரி பாக்கி வைத்தார் என்பதெல்லாம் அந்தப் பழைய ஃபோல்டருக்குள் இருக்கிறது. புது மென்பொருளை விற்கிறவர் புதுக் கணக்கைத்தான் தொடங்கித் தருவார். பழையதைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை இல்லை என்பார்.

சட்டமும் பழைய கணக்கை விட்டுவிடுவதில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருடத்துக் கணக்கை, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டம் 8 நிதியாண்டு என்கிறது. கணக்கு கேட்கிற அதிகாரியிடம் "சார், விண்டோஸ் மாறிப்போச்சு" என்று சொன்னால் ஏற்றுக்கொள்வாரா?

சட்டத்தைவிடப் பெரியது நம்பிக்கை. கமிஷன் கடையில் விவசாயிக்கும் முதலாளிக்கும் நடுவே இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான். கணக்கைப் பார்க்க முடியாத நிலை வந்தால் யார் சொல் எடுபடும்? கையில் சீட்டு வைத்திருப்பவரின் சொல். சீட்டைத் தொலைத்த விவசாயி ஏமாளியாவார்.

தாத்தா காலத்துப் பேரேட்டை இன்றைக்கும் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டிப் படிக்கலாம். அதற்குக் கண்ணாடி மட்டும் போதும். 20 வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் கணக்கைப் படிக்க அதே மென்பொருள், அதே இயங்குதளம், சில சமயம் அதே ப்ரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு எல்லாம் வேண்டும். முன்னேற்றம் என்ற பெயரில் இப்படி ஒரு பின்னடைவை யாருமே கவனிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பெரியவர்களுக்குப் பாலம், சிறியவர்களுக்கு அறிவுரை

பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்டவே முடியாது என்பது இயற்கை விதி இல்லை. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஐபிஎம் நிறுவனம் 1964-இல் சிஸ்டம்/360 என்ற பெரிய கணினி வரிசையை அறிவித்தது. அதற்கு எழுதிய பயன்பாட்டு நிரல்கள் பின்னால் வந்த தலைமுறைகளிலும் ஓட வேண்டும் என்பதில் அது உறுதியாக இருந்தது. இன்றைய ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களிலும் அந்தப் பரம்பரை தொடர்கிறது. ஏன்? வாங்குகிறவர்கள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசாங்கங்கள். ஓடவில்லை என்றால் அடுத்த மெஷினை வாங்க மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்டும் ஒரு காலத்தில் இதில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை. நினைவகத்தை விட்டுக்கொடுத்த பிறகும் அதையே படிக்கும். விண்டோஸ் 3.1-இல் அது வெளியே தெரியவில்லை, புதிய விண்டோஸில் நின்றுபோகும். விளையாட்டை எழுதியவர்களைக் குறை சொல்லாமல், சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை வேறு மாதிரி கையாளும்படி விண்டோஸ் 95-லேயே வழி செய்தார்கள். பழையது ஓடாவிட்டால் ஜனங்கள் புது விண்டோஸைத்தான் திட்டுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆப்பிள் நிறுவனம் 2019-இல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் செயலிகளுக்கே கதவைச் சாத்திவிட்டது. அதோடு ஒப்பிட்டால் மைக்ரோசாஃப்ட் எவ்வளவோ மேல். 32 பிட் மென்பொருள்கள் பல இன்றைக்கும் விண்டோஸ் 11-இல் ஓடுகின்றன. ஆனாலும் கமிஷன் கடையின் டாஸ் நிரலுக்காக ரெட்மண்டில் யாரும் கண்விழித்து உட்காரப் போவதில்லை. பாலத்தை இங்கேயேதான் கட்ட வேண்டும்.

கிடைக்கிற பாலங்கள்

நல்ல செய்தி என்னவென்றால் பாலம் கட்டத் தேவையானதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது.

முதலாவது, விண்டோஸிலேயே இருக்கும் இணக்க வசதி. நிரலின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், அதில் கம்பாட்டிபிலிட்டி. எக்ஸ்பி காலத்து 32 பிட் மென்பொருள்கள் பலவும் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். டாஸ் நிரலுக்கு இது உதவாது.

இரண்டாவது, டாஸ்பாக்ஸ். 2002-இல் வந்த இலவச மென்பொருள். ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் முழுவதையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டும். ஆனால் இதைச் செய்தவர்கள் விளையாட்டுகளை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். சாதாரண டாஸ்பாக்ஸில் ப்ரிண்டருக்கு வழி இல்லை. கடைக்காரருக்குச் சீட்டு அடிக்க வேண்டுமே! அதற்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளை இருக்கிறது. அலுவலக டாஸ் நிரல்களுக்கென்றே செய்த விடாஸ் என்பதும் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் பதிவு போடும் கடை என்றால் ரொம்ப ஜாக்கிரதையாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

மூன்றாவது, மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றை நிறுவி, அதற்குள் பழைய இயங்குதளத்தையே போட்டுக்கொள்வது. விண்டோஸ் எக்ஸ்பி என்றால் அதற்கான உரிமம் வேண்டும். அதன் ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டதால் உள்ளே இன்டர்நெட்டைத் துண்டித்து வைப்பது கட்டாயம். டாஸ் மட்டும் போதும் என்றால் ஃப்ரீடாஸ் இருக்கிறது, காசும் இல்லை, திருட்டும் இல்லை.

ஃப்ரீடாஸின் கதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1994-இல் மைக்ரோசாஃப்ட் டாஸை மூட்டை கட்டப் போகிறது என்ற பேச்சு வந்தபோது, அமெரிக்காவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த வருடம் ஜூன் 29-ஆம் தேதி, இலவச டாஸ் ஒன்றை எழுதலாம், யார் வருகிறீர்கள் என்று இணையத்தில் கேட்டார். வந்தார்கள். 2006-இல் 1.0 பதிப்பு வந்தது. 2025-இல் 1.4 வந்தது. பெரிய கம்பெனி கைவிட்ட ஒன்றை ஒரு மாணவர் தொடங்கிய வேலை 30 வருடங்களுக்கு மேல் உயிரோடு வைத்திருக்கிறது.

பாலத்தில் ஒரு பள்ளமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய 32 பிட் மென்பொருள்கள் பல, தாங்கள் நிறுவப்பட்ட ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே கணக்கையும் எழுதும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. ஆனால் பிழை என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். மென்பொருளுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அவர் தினமும் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைப் பத்திரமாக நகலெடுத்து வைப்பார். கம்ப்யூட்டர் கெட்ட அன்றுதான் நகலில் இரண்டு வருடக் கணக்கே இல்லை என்று தெரியும். பழைய மென்பொருளை எப்போதும் சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவுங்கள். இந்த ஒரு வரி ஒரு கடையைக் காப்பாற்றினாலும் போதும்.

எல்லாப் பழசும் பொன் அல்ல

இவ்வளவு சொன்னதால் பழையது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று அர்த்தமில்லை.

டர்போ சி++ இருக்கிறதே, அந்த நீலத் திரை. 1990-களின் தொடக்கத்து டாஸ் மென்பொருள் அது. இந்தியாவில் எத்தனையோ பள்ளி, கல்லூரிகளில் சி++ என்றால் அதுதான். 64 பிட் விண்டோஸ் வந்தபோது அது ஓடவில்லை. என்ன செய்தார்கள்? புதிய கம்பைலருக்கு மாறாமல், டாஸ்பாக்ஸுக்குள் அதைச் சுருட்டி வைத்துத் தொடர்ந்து ஓட்டினார்கள். சி++ மொழிக்குச் சர்வதேசத் தரம் வந்ததே 1998-இல்தான். அதற்கு முந்தைய கருவியில் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகிற பையன், தான் எழுதும் முதல் இரண்டு வரியே இன்றைய கம்பைலரில் பிழை என்று கண்டு முழிக்கிறான்.

கமிஷன் கடையும் இந்தக் கல்லூரி லேபும் ஒரே டாஸ்பாக்ஸைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடைக்காரருக்குப் பின்னால் திரும்ப எழுதவே முடியாத கணக்கு இருக்கிறது. லேபுக்குப் பின்னால் இருப்பது பழக்கம் மட்டும்தான். கணக்குக்காகப் பாலம் கட்டுவது பொறுப்பு. பழக்கத்துக்காகப் பாலம் கட்டுவது சோம்பேறித்தனம். எந்தப் பழைய மென்பொருளைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதை நிறுத்தினால் எது தொலையும்?

அச்சகத்துத் தமிழ்

தமிழுக்கென்றே இந்தச் சிக்கலில் ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர்தான் பலருக்குக் கை பழகிய மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-இல். 2004-இல் அடோபி அதை மேம்படுத்துவதையே நிறுத்திக்கொண்டது. 32 பிட் என்பதால் எப்படியோ ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு யுனிகோட் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழை அதில் ஒட்டினால் எழுத்து உருப்படியாக வராது. மறுபடி டைப் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவியைத் தேட வேண்டும்.

பாமினி, டேம், டேப் என்று ஒவ்வொரு குறியீட்டிலும் அடித்து வைத்த தமிழ் எவ்வளவோ இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டேம், டேப் இரண்டையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. 2010-இல் செம்மொழி மாநாட்டின்போது யுனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. நடுவில் 11 வருடம். போடி ரயில் நின்றிருந்த காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது தற்செயல். அந்த 11 வருடத்திலும் அதற்கு முன்னும் பழைய குறியீடுகளில் அடித்த கோயில் மலர்கள், ஊர் வரலாறுகள், பட்டிமன்றப் பேச்சுகள் எல்லாம் யாருடைய சிடியிலோ இருக்கின்றன. சரியான எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும்.

இங்கேயும் பாலம் கட்டியவர்கள் உண்டு. பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் வந்த பிறகுதான் எவ்வளவோ பழைய தமிழ் யுனிகோடுக்கு வந்து சேர்ந்தது. அவை தமிழ் ஆர்வலர்கள் செய்து இலவசமாகக் கொடுத்தவை. பழைய மென்பொருளை ஓட்டிக்கொண்டே இருப்பதைவிட, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வருவதுதான் கடைசி வெற்றி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

மென்பொருள் விற்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று. எத்தனை வசதி இருக்கிறது என்பதைக் கடைசியில் கேளுங்கள். என் கணக்கு முழுவதையும் வேறு எந்த மென்பொருளிலும் திறக்கிற வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். விற்கிற அன்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். 10 வருடம் கழித்துக் கேட்டால் ஃபோனையே எடுக்க மாட்டார்கள்.

கைவிடுகிற நிறுவனங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. இனி விற்கப் போவதில்லை, சரிசெய்யப் போவதில்லை என்று முடிவான மென்பொருளின் மூல நிரலை வெளியிட்டுவிடலாம். நடக்காத காரியமில்லை. மைக்ரோசாஃப்ட் 2024 ஏப்ரலில் எம்எஸ்-டாஸ் 4.0-இன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதனால் அந்தக் கம்பெனி ஏழையாகிவிடவில்லை. அந்த அளவு மனம் வராவிட்டால், கோப்பு எந்த அமைப்பில் எழுதப்படுகிறது என்ற விவரத்தையாவது கொடுக்கலாம்.

மூன்றாவது, படிக்கிற பிள்ளைகள். தேனி மாவட்டத்துக் கல்லூரிகளில் பி.காம். படிப்பவர்களும் பி.சி.ஏ. படிப்பவர்களும் ஒவ்வொரு வருடமும் ப்ராஜக்ட் செய்கிறார்கள். போன வருட ப்ராஜக்ட்டின் அட்டையை மாற்றி வைப்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு கடையைப் பிடித்து அதன் பழைய கணக்கை மீட்டுக் கொடுத்தால் என்ன? இது நினைப்பது போலக் கஷ்டமில்லை. ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர், டிபேஸ் காலத்து நிரல்கள் பெரும்பாலும் டி.பி.எஃப். என்ற வடிவத்தில்தான் கணக்கை வைத்திருக்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அதை நேராகத் திறக்கும். எக்செல்லும் திறக்கும். கமிஷன் கடையில் நிரல் ஓடவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்களே, கணக்கு அந்த ஃபோல்டரிலேயேதான் இருந்தது! திறக்க நிரலே தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கை மட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில்தான் வேலை செய்ய வேண்டும். தேதியில் வருடத்தை இரண்டு இலக்கமாக எழுதியிருந்தால், நீண்ட குறிப்புகள் தனிக் கோப்பில் இருந்தால், வந்து சேர்ந்த கணக்கைப் பழைய சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை ஒத்துப்போக வேண்டும் என்பதை ஒரு பி.காம். மாணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் படித்தவர் கோப்பைத் திறப்பார், காமர்ஸ் படித்தவர் கணக்கு சரியா என்று சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

பாலம் என்பது குடியிருக்கும் இடம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. டாஸ்பாக்ஸில் ஓட்டிவிட்டோம், முடிந்தது வேலை என்று உட்கார்ந்தால் அடுத்த இயங்குதளம் வரும்போது மறுபடி இதே கதைதான். ஓட்டுவது, எடுப்பதற்கு நேரம் வாங்குவதற்காக. அந்த நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

போடிக்கு இப்போது சென்னையிலிருந்தே ரயில் வருகிறது. அகலப்பாதையில், மீட்டர் கேஜ் கனவிலும் நினைக்காத வேகத்தில். அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஸ்டேஷனில் வயதானவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்த 12 வருடத்தில் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதையும், கல்லூரிக்குப் போனதையும், பஸ்ஸில் நின்றுகொண்டே போனதையும் சொல்வார்கள். புதிய பாதையைப் பற்றி அவர்களுக்குக் குறை இல்லை. நடுவில் தங்களை யாரும் நினைக்கவில்லையே என்பதுதான் குறை.

உங்கள் தெருவிலும் ஒரு கடையில் துணி போர்த்திய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். அது மொத்தமாகப் படுத்துவிடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு போய் வாருங்கள்.